காந்தளும் கலப்பைக் கிழங்கும்

செங்காந்தள் என்னும் பூவைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கற்பித்தவன் நான். மகளிர் விரலுக்குப் புலவர் அதனை உவமை கூறுவர் என்றும், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களின் வரிசை அதில்தான் தொடங்குகிறது என்றும் மாணவர்க்கு விரித்துரைத்திருக்கிறேன். ஆயினும் பணியேற்ற முதற்சில ஆண்டுகளில் அப்பூவை நான் கண்டதில்லை. கண்டதில்லை என்று சொல்வதும் பிழை. பள்ளிக்குச் செல்லும் வழியில் முள்வேலியின்மேல் அது படர்ந்து பூத்திருந்தது. மழைக்காலந்தோறும் அதனைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். காந்தள் என்பது இதுவே என்று மட்டும் அறியேன்.

இதற்கு என் ஆசிரியர்களைக் குறை கூறேன். நான் சிறுவனாக இருந்தபோது என் தாய்மாமன் விளக்கேற்றும் நேரத்தில் என்னைத் திண்ணையில் அமர்த்தி, சூடாமணி நிகண்டின் மரப்பெயர்த் தொகுதியை ஓதச் செய்வார். ஒரு மரத்துக்குரிய பல பெயர்களும் நாவில் தடையின்றி உருளும்வரை உணவில்லை. அந்தப் பயிற்சியின் பயனை இன்றும் துய்க்கிறேன். ஆனால் அத்திண்ணையிலிருந்து பத்து அடி தொலைவில் நின்ற மரத்தின் பெயரை நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பிற்காலத்தில் தொல்காப்பிய மரபியலைப் பாடங் கேட்டபோது, பறழ், குருளை, மறி, குழவி என இளமைப் பெயர் ஒன்பதையும் வேறுபாடு தோன்றக் கூறும் வல்லமை பெற்றேன். ஈரமணலில் பதிந்த அடி நாயினதா, காட்டுப்பூனையினதா என்று எவரேனும் அன்று வினவியிருந்தால் வாய்திறந்திருக்க மாட்டேன்.

1991ஆம் ஆண்டில் செங்கல்பட்டு வட்டாரத்து ஊர் ஒன்றில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்து வந்தேன். அவ்வகுப்பில் இருளர் குடியைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பான். வாரத்தில் இரண்டு நாள் வருவான். மூன்று நாள் வரமாட்டான். எழுத்துப்பிழை மிகுதி. ஒருநாள் காந்தளைப் பற்றிய பாடம் நடந்தது. சிவந்த இதழ்கள் மேல்நோக்கி வளைந்து நிற்கும் என்று உரைநூலில் படித்ததைச் சொன்னேன். மறுநாட்காலை அச்சிறுவன் கிழங்கோடு பறித்த கொடி ஒன்றை ஏந்தி வந்து என் மேசைமேல் வைத்தான்.

“ஐயா, நீங்கள் சொன்ன பூ இதுதானோ என்று பாருங்கள். எங்கள் பாட்டி இதைக் கலப்பைக் கிழங்கு என்பார்.”

நான் பூவைப் பார்க்கவில்லை, இலக்கணத்தைப் பார்த்தேன். “காந்தள் குறிஞ்சி நிலத்துக்குரியது. மலையில் பூப்பது. வேலியில் பூப்பது எங்ஙனம் காந்தளாகும்?” என்று கூறி அதனை எடுத்துச் சாளரத்தின் வழியே வெளியே எறிந்தேன். வகுப்பு முழுவதும் நகைத்தது. அவன் நகைக்கவுமில்லை, அழவுமில்லை. “ஐயா, கையைக் கழுவிக்கொள்ளுங்கள். அந்தக் கிழங்கு நஞ்சு” என்று மட்டும் சொல்லித் தன் இடத்தில் போய் அமர்ந்தான்.

கோடை விடுமுறைக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. செங்கற்சூளைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். வறுமை ஒன்றே அதற்குக் காரணமாக இருக்கலாம். அவ்வாறு என்னை நானே தேற்றிக்கொண்ட நாட்களும் உண்டு. சில ஆண்டுகள் கழித்துச் செடிகொடிகளைப் பற்றிய நூல் ஒன்றில், தமிழ்நாட்டின் மாநில மலர் என்ற குறிப்போடு செங்காந்தளின் வண்ணப்படத்தைக் கண்டேன். இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்திருந்தது. படத்தின் கீழே ‘கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு’ என்று வழக்குப் பெயர்களும் இருந்தன. மலையிலும் பூக்கும் அக்கொடி சமவெளியின் வேலியிலும் பூக்கும். கலப்பையைப் போல் வளைந்திருத்தலால் கிழங்குக்கு அப்பெயர். உண்டவரைக் கொல்லும் நஞ்சு அதில் உண்டு என்பதும் உண்மையே. நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன்.

2018ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று, அதே வட்டாரத்தில் ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வீடு அமைத்துக்கொண்டேன். வீட்டின் பின்னே காரையும் சூரையும் களாவும் மண்டிய புதர்க்காடு. மறு ஆண்டு ஐப்பசி மழையில் விறகு அடுக்கின் நடுவே பாம்பு ஒன்று புகுந்தது. அயலார் ஆளனுப்பினர். கையில் கோலும் தோளில் துணிப்பையுமாக ஒருவர் வந்தார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். விறகை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், விரைவு சிறிதுமில்லை. பாம்பைப் பையிலிட்டு வாயைக் கட்டிய பின்னரே திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

“ஐயா, நலமாக இருக்கிறீர்களா?”

குரலால் அன்று, அந்த நிதானத்தால் அடையாளம் கண்டேன். சொல்ல வேண்டியதை இருபத்தெட்டு ஆண்டுகளாக உள்ளத்தில் எழுதி எழுதி அழித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒரு வாக்கியமே. “தம்பி, அன்று நீங்கள் கொண்டுவந்தது காந்தள்தான்.”

“தெரியும் ஐயா” என்றார் அவர்.

அவருடைய பெயரை இக்கட்டுரையில் எழுத அவர் இசையவில்லை. அதனால் ‘அவர்’ என்றே குறிக்கிறேன். மேலே ‘அவன்’ என்று எழுதியது எட்டாம் வகுப்புச் சிறுவனை. இப்போது ஆசிரியர் அவர், மாணவன் நான். முறை அதற்கேற்ப மாற வேண்டுமன்றோ?

அன்றுமுதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்குப் பின்னே நடந்து வருகிறேன். தொடக்கத்தில் பெரும் ஏமாற்றமே கிட்டியது. திண்ணையில் அமர்ந்து, கையில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, “வளைக்குள் பாம்பு இருப்பதை எப்படி அறிகிறீர்கள்?” என்று கேட்டேன். “பார்த்தால் தெரியும் ஐயா” என்றார். வேறு விதமாகக் கேட்டேன். “பழக்கம்தான்” என்றார். பாடம் சொல்லத் தெரியாதவர் போலும் என்று எண்ணினேன். மறுநாள் வரப்பில் ஒரு வளையின் முன்னே நின்றபோதுதான் என் அறியாமை விளங்கியது. “வாயில் புதுமண் தள்ளியிருக்கிறது பாருங்கள், எலி குடியிருக்கிறது. அதோ அதன் வாயில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது, சில நாளாக ஒன்றும் போகவில்லை, வரவில்லை. இதன் விளிம்பு வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது, உள்ளே கைவிடாதீர்கள்” என்று ஒரே மூச்சில் சொன்னார். அவருக்குத் தெரிந்தவையெல்லாம் அவருடைய தலைக்குள் இல்லை. அந்த வளையின் வாயிலில் இருந்தன. வளை இல்லாத இடத்தில் அவற்றைக் கேட்டால் எங்ஙனம் கிடைக்கும்?

அவர் இவற்றைக் கற்ற வகையைச் சிறுகச் சிறுகக் கேட்டறிந்தேன். நான்கு வயதில் பாட்டியின் பின்னே காட்டுக்குச் சென்றார். முதற்பாடம் தின்னத்தக்கது எது என்பதன்று; வாயில் வைக்கக் கூடாதது எது என்பது. களாப்பழம், காரைப்பழம், சூரைப்பழம் ஆகியவற்றைத் தம்மினும் இரண்டு வயது மூத்த பிள்ளைகளிடம் கற்றார். பெரியவர்கள் அதற்கென்று நேரம் செலவிடவில்லை. ஏழெட்டு வயதில் தைமாத அறுவடைக்குப் பின் வயல்களில் எலி பிடிக்கக் கூடச் சென்றார். எலிவளைக்கு ஒரு வாயில் அன்று, பல வாயில்கள். மற்றவற்றைச் சேற்றால் அடைத்துவிட்டு ஒன்றில் கடப்பாரையால் தோண்டிச் செல்ல வேண்டும். அடைக்கத் தவறிய வாயில் எதுவோ, அதன் வழியே எலி ஓடிவிடும். அன்று வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லி நகைப்பார்கள். “மறுமுறை தவறாது ஐயா” என்றார். வளையின் அடியில் எலி சேர்த்து வைத்த நெற்கதிர்கள் இருக்கும், அவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். எலியைத் தேடி நல்லபாம்பும் அவ்வளைக்கே வரும். ஆதலின் எலியைக் கற்றவன் தன்னை அறியாமலே பாம்பைக் கற்கத் தொடங்கிவிடுகிறான்.

ஆயினும் பாம்பைத் தொடத் தந்தையார் எளிதில் இசையவில்லை. பதினான்காம் வயதிலிருந்து, சூளை வேலை இல்லாத மாதங்களில், அவருக்கு இரண்டடி பின்னே பையைச் சுமந்து நடப்பதே வேலை. தந்தையார் பேசாதவர். அவர் நின்றால் இவரும் நிற்க வேண்டும். ஏன் நின்றார் என்பதை இவரே கண்டுபிடிக்க வேண்டும். சில வேளை தவிட்டுக்குருவிகள் ஒரு புதரைச் சூழ்ந்து கூச்சலிடும். அங்கே பாம்போ கீரியோ இருக்கும். சில வேளை மணலில் துண்டு துண்டாகச் சாய்ந்த கோடுகள் தெரியும். பக்கவாட்டில் நகரும் சுருட்டை விரியன் சென்ற தடம் அது. முதலில் பிடிக்கக் கிடைத்தது நஞ்சற்ற சாரை. நல்லபாம்பைத் தாமே பிடிக்கத் தந்தையார் விட்டது இருபதாம் வயதில். முப்பது கடந்தபின் தந்தையார் நோயுற, முதன்முறையாகத் தனியே சென்றார். “தனியாகப் போன பிறகுதான் ஐயா, அப்பா எதையெல்லாம் எனக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. கேட்கலாம் என்றால் அவர் இல்லை” என்று ஒருநாள் கூறினார். அதன்பின் வெகுதூரம் பேசாமல் நடந்தோம்.

இத்தொழிலின் வரலாற்றையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். முன்பு இருளர் பலர் தோல் வணிகர்க்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும், 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டதாலும் அப்பிழைப்பு அற்றுப்போயிற்று. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அது நடைபெற்று வருகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு கொணர்ந்து சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சை எடுத்தபின் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். பாம்புக்கடி மருந்து செய்ய அந்நஞ்சு பயன்படுகிறது. நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கின்றனர் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டுள்ளது. அதனை எண்ணும்போது இத்தொழிலின் அருமை விளங்கும்.

இக்குடியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டனர். அங்கே வேற்று நாட்டிலிருந்து புகுந்து பெருகிவிட்ட மலைப்பாம்புகள் அந்நிலத்து உயிரினங்களை அழித்து வந்தன. அந்நாட்டார் தேடியும் எளிதில் அகப்படாத பாம்புகளை இவர்கள் சில வாரங்களில் பல பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண்பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. முன்பின் கண்டிராத சதுப்புநிலத்தில் செங்கல்பட்டுக் காட்டுக் கல்வி எங்ஙனம் பயன்பட்டது என்று நான் வியந்தேன். என் ஆசிரியர் வியக்கவில்லை. “புல் படுத்திருந்தால் எந்த ஊரிலும் படுத்திருப்பதுதானே ஐயா?” என்றார்.

வேட்டையாடி வாழும் 40 சமுதாயங்களைச் சேர்ந்த 1,800க்கு மேற்பட்ட வேட்டையாளரின் திறனை அறிஞர் பலர் கூடி ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். அத்திறன் உச்சத்தை எட்டுவது 30க்கும் 35க்கும் இடைப்பட்ட வயதில் என்பது அவர்கள் முடிவு. உடல் முதிர்ந்து பல ஆண்டு கழிந்த பின்னரும் கண்ணும் கருத்தும் கற்றுக்கொண்டே இருக்கின்றன என்பது இதனால் பெறப்படும். இதனை அவருக்குப் படித்துக் காட்டினேன். “அது பிடிப்பதற்கு ஐயா. பிடிக்காமல் விட்டுவிட்டு வருவதற்கு இன்னும் வயது வேண்டும்” என்றார். அந்த ஆராய்ச்சியில் இதற்குக் கணக்கு இல்லை.

அவருடைய தாயார்க்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. கண் மங்கியதால் இப்போது காட்டுக்குள் செல்வதில்லை. ஆயினும் ஐயம் நேரும்போதெல்லாம் இலையையும் வேரையும் அவரிடமே கொண்டு வருகிறார்கள். கசக்கி முகர்ந்து பெயர் சொல்வார். ஆண்டுதோறும் நிகழ்வதை எல்லோரும் அறிவர். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பஞ்சத்தில் எந்தக் காட்டுக் கிழங்கைத் தோண்டுவது, எத்தனை முறை வேகவைத்து நீரை இறுத்துக் கசப்பையும் நஞ்சையும் போக்குவது என்பதை அந்தப் பஞ்சத்தில் வாழ்ந்தவரே அறிவர். நான் அவரிடம், “அம்மா, இவற்றை எப்போது கற்றீர்கள்?” என்று கேட்டேன். “பசித்தபோது, வாத்தியார் ஐயா” என்றார்.

என் கல்வி எப்படி இருக்கிறது என்று மாணவர்கள் கேட்கலாம். தேர்ச்சி என்று சொல்ல இயலாது. காது மந்தமாகி வருவதால் நுண்ணிய ஒலிகளைக் கேட்கிலேன். குனிந்தால் முதுகு நோகிறது. முதலாண்டில் முட்களைத் தவிர வேறொன்றையும் கண்டேனில்லை. மூன்றாம் ஆண்டில் சிறிது செருக்கு வந்தது. ஒருநாள் அவரிடம் சொல்லாமல் தனியே சென்று நன்னாரி வேர் எடுக்க முனைந்தேன். எதிரெதிரே அமைந்த இலை, நடுநரம்பை ஒட்டி வெண்கோடு, கிள்ளினால் பால் என்னும் அடையாளங்களை மனப்பாடம் செய்திருந்தேன். பழக்கம் விடவில்லை! புதரடியில் அப்படியொரு கொடியைக் கண்டு, அரைமணி நேரம் தோண்டி, வியர்வை சொட்ட அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் வாங்கி வேரை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நானும் முகர்ந்தேன். மண்வாடையைத் தவிர ஒன்றுமில்லை. நன்னாரியின் மணத்தை அறியாதவனல்லேன். எத்தனையோ கோடையில் சர்பத்தாகக் குடித்தவன். இலையையும் பாலையும் நினைவில் வைத்த நான் மூக்கை மறந்துவிட்டேன். அங்கே அவருடைய பிள்ளைகளும் அயலாரும் நின்றிருந்தனர். எவரேனும் நகைப்பார் என்று தலைகுனிந்து நின்றேன். ஒருவரும் நகைக்கவில்லை. அவர் கடப்பாரையை எடுத்து வேலியோரம் சிறு குழி பறித்து, அக்கொடியை நட்டு, இரண்டு செம்பு நீர் ஊற்றினார். “இதுவும் வேண்டியதுதான் ஐயா. பூத்தால் என்னவென்று பார்ப்போம்” என்றார்.

அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். நாள்தோறும் தவறாமல் பள்ளிக்குச் செல்கிறாள். தந்தைக்கு அதில் பெருமை. ஆனால் காட்டுப்பாடம் நடக்கும் காலைப்பொழுதும் மாலைப்பொழுதும் பள்ளிக்குப் போய்விடுகின்றன. எட்டு வயதில் அவர் அறிந்திருந்தவற்றுள் பல இவள் பதினான்கு வயதில் அறியாள். “படிக்கட்டும் ஐயா. நான் பட்டது அவள் பட வேண்டாம்” என்கிறார் ஒருநாள். “அம்மா போய்விட்டால் யாரிடம் கேட்பாள்?” என்கிறார் மற்றொரு நாள். இரண்டும் மெய். அவரை அன்று வகுப்பைவிட்டு விலக வைத்தவர்களுள் நானும் ஒருவன். இவள் வகுப்பில் நிலைப்பதைக் கண்டு மகிழாதிருக்க என்னால் இயலாது. எலிவளையின் வாயிலைப் பார்த்து இவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை என்பதைக் காணும்போது வருந்தாதிருக்கவும் இயலவில்லை.

சனிக்கிழமை மாலையில் அவள் என்னிடம் தமிழ் கேட்க வருகிறாள். கபிலரின் 99 பூக்களையும் ஒரு நீண்ட தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு காலையில் மூவரும் காட்டுக்குச் செல்கிறோம். கண்டு உறுதிசெய்த பூவுக்கு நேரே அவள் ஒரு கோடிடுகிறாள். பாட்டி வழங்கும் பெயரைப் பக்கத்தில் எழுதுகிறாள். மலையில் மட்டும் பூப்பன பல உண்மையால் தாளில் வெற்றிடம் மிகுதி. சிலவற்றில் உரையாசிரியர்க்கும் பாட்டிக்கும் கருத்து வேற்றுமை நேர்கிறது. அவ்விடங்களில் அவள் பாட்டியின் பக்கம். முதற்கோடு செங்காந்தளுக்கு விழுந்தது. அன்று அவள் பூவைத் தொட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஏரியில் கழுவச் சொன்னாள். தந்தையிடமிருந்து கேட்டிருப்பாளோ, தானே அறிந்ததோ, நான் கேட்கவில்லை. வேலியோரம் நட்ட கொடி இன்னும் பூக்கவில்லை.